இதற்கு முன் வசித்த இடம்

லோகநாயகி ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். கணவர் உத்தமன் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவளுக்கு வேலை பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன அரசு மருத்துவப் பிரிவில். தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் மட்டுமான இடம் அது. வாரத்தில் மூன்று நாள் டாக்டர் வருவார். லோகநாயகி லேப் டெக்னீசியன். நோயாளியின் காது மடலிலும் தேமலின் ஓரத்திலும் பிளேடால் லேசாகக் கீறிச் சுரண்டி, கண்ணாடி ஸ்லைடில் ஸ்மியராகத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கிருமியை எண்ணி எழுத வேண்டும். பதினாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆரம்பத்தில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். பிறகு காதை மட்டும் பார்க்கப் பழகிவிட்டாள்.

தொண்ணூறாம் வருஷக் கடைசியில் சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், மூடிப்போன ஒரு செங்கல் சூளையின் கொட்டகைகளில் இலங்கை அகதிகளைக் குடிவைத்தார்கள். நூற்றுப் பத்துக் குடும்பங்கள். தார்பாயையும் அட்டையையும் தடுப்பாகக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மாதம் ஒரு முறை மணவாளன் என்ற தொழுநோய் ஆய்வாளர் அங்கே போய் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்துவிட்டு வருவார். மார்ச் மாதச் சோதனையில் தவமலர் என்ற பெண்ணின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு வந்தார். வயது இருபத்தாறு. இடது கன்னத்தில் ஆறாத புண். தொட்டால் உணர்ச்சி இல்லை. தொழுநோய் என்று முடிவாகி மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

முகாமில் செய்தி பரவ ஒரு நாள் ஆகவில்லை. கடைசிக் கொட்டகையின் கோடியில் அவளுக்குத் தனியாக இடம் ஒதுக்கினார்கள். குழாயில் எல்லோரும் பிடித்த பிறகு அவள் தண்ணீர் பிடிக்க வேண்டும். அக்கா யோகேஸ்வரி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு, ஒரு தட்டைக் கொண்டுபோய் அவளுக்கு வைத்துவிட்டு வருவாள். மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். மூன்று மாதத்தில் தவமலரின் முகம் செம்பும் கரியும் கலந்த நிறத்துக்கு மாறிவிட்டது. புண் மட்டும் ஆறவில்லை. எட்டணா அளவில் இருந்தது ஒரு ரூபாய் அளவாகியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் யோகேஸ்வரி தங்கையை அழைத்துக்கொண்டு நேராக மருத்துவப் பிரிவுக்கே வந்துவிட்டாள். முகாமைவிட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு வாங்க இரண்டு நாள் அலைந்திருந்தாள். டாக்டர் பக்தவத்சலம் புண்ணைப் பார்த்தார், பழைய ஸ்மியர் முடிவுகளைப் புரட்டினார். ஐந்து முறையும் கிருமி இல்லை என்றே இருந்தது. மணவாளன் மாதாமாதம் முகாமில் எடுத்துவந்த ஸ்லைடுகளைப் பார்த்து எழுதியது லோகநாயகிதான். மறுபடியும் ஒன்று எடுக்கச் சொல்லி லேபுக்கு அனுப்பினார்.

புண்ணின் ஓரம் தடித்து மேடாக இருந்தது, நடுவில் காய்ந்த பொருக்கு. லோகநாயகி ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக் கீறினாள். தவமலர் அசையவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனால் ஸ்டூலுக்குக் கீழே அவள் கால் விரல்கள் செருப்புக்குள் இறுக மடங்குவதை லோகநாயகி பார்த்தாள். பிளேடை எடுத்தாள், விரல்கள் விரிந்தன. மறுபடி வைத்தாள், மடங்கின.

"வலிக்குதாம்மா?"

"இல்லை."

"கால் விரல மடக்குறியே."

தவமலர் குனிந்து தன் காலை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "நோகுதுதான். நோகுதெண்டு சொல்லி என்ன செய்ய?" என்றாள்.

மணவாளன் சோதித்தபோது என்ன நடந்தது என்று லோகநாயகி கேட்டாள். தவமலர் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டுவிட்டுத் தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். கண்ணை மூடியிருக்கும்போது என்னத்தைத் தெரியும், அதனால் தெரியவில்லை என்றாள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவள் ஊரில் தெரியுதா என்றால் கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் அர்த்தமாம். இதைச் சொல்லும்போதும் அவள் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. அன்றைக்கு அப்படி நடந்தது, அவ்வளவுதான்.

லோகநாயகி ஒரு பஞ்சுத் திரியை எடுத்தாள். எங்கே படுகிறதோ அங்கே விரலை வைக்கச் சொன்னாள். கன்னத்தில் புண்ணைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் தொட்டாள். தவமலர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் தொட்ட இடத்திலேயே விரலை வைத்தாள். தொழுநோய்ப் புண்ணில் அப்படி வைக்க முடியாது.

தொழுநோய்ச் சாயத்தில் ஆறாவது முறையாகவும் ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். இரண்டாவது ஸ்லைடு ஒன்று மிச்சம் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கும் மலேரியாவுக்கும் போடுகிற ஊதாச் சாயத்தை அதில் ஏற்றினாள். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு லென்ஸை இறக்கினாள். பெரிய பெரிய செல்கள், அவற்றின் வயிறு நிறைய உருண்டை உருண்டையாக ஏதோ. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பயிற்சிக் காலத்தில், எழுபத்து நாலில், ஒரு பழைய ஸ்லைடைக் காட்டி இதை வரையச் சொன்னார்கள். காலா அசார் நோயாளியின் எலும்பு மஜ்ஜை. மண்ணீரல் வீங்கிச் சாகிற காய்ச்சல் அது. தோல் புண்ணில் அதே உருண்டைகள் இருப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். பிறகு அட்டெண்டர் துலுக்கானத்தைக் கூப்பிட்டு மூன்று டீ வாங்கிவரச் சொன்னார். அவர் தன் காசில் டீ வாங்கியது அதுதான் முதல் தடவை.

மணல் ஈ என்று ஒரு பூச்சி, கொசுவைவிடச் சின்னது, அது கடித்து ஒட்டுண்ணி தோலுக்குள் இறங்கினால் இப்படிப் புண் வரும் என்று விளக்கினார். வளைகுடா நாடுகளில் உண்டு, ராஜஸ்தானில் உண்டு. "ஆனா சிலோன்ல கிடையாது, லோகநாயகி. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இந்தப் பொண்ணு எங்கயோ போய் வாங்கிட்டு வந்திருக்கணும். அது தெரிஞ்சாதான் நான் மருந்து கேட்டு எழுத முடியும்." மருந்து மெட்ராஸில் கிடைக்காது. பாட்னாவில் அவருடன் படித்தவர் ஒருவர் இருந்தார், அவர் மூலமாகத்தான் வரவழைக்க வேண்டும். அகதிக்கு வெளியிலிருந்து மருந்து வாங்கிக் கொடுப்பதென்றால் கேஸ் ஷீட்டின் நகல் வருவாய் அலுவலகத்துக்குப் போய் அனுமதி வர வேண்டும். டாக்டர் தவமலரிடம் நேரிலேயே கேட்டார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாயா? இல்லை. சவூதி? இல்லை. வடக்கே எங்காவது? இல்லை. இல்லை என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை. நீ கேட்டுப் பார் என்று லோகநாயகியிடம் விட்டார்.

அனுமதிச் சீட்டு மறுநாளும் செல்லுபடியானது, லேபில் கதவைச் சாத்திக்கொண்டு லோகநாயகி கேட்டாள். தவமலர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முல்லைத்தீவுப் பக்கம் அவள் ஊர். போன வருஷம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் ஊர்ச் சனம் முழுக்கக் காட்டுக்குள் போனது. ஐந்து மாதம். குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் இறங்குவதற்குக் கிடங்கு, அதாவது பதுங்கு குழி, வெட்டியிருந்தார்கள். அவர்கள் கிடங்கு ஒரு பெரிய கறையான் புற்றுக்குப் பக்கத்தில் இருந்தது.

"பின்னேரத்தில சின்ன நுளம்பு வரும், அக்கா. சத்தம் போடாது. கடிச்ச பிறகுதான் தெரியும்."

நுளம்பு என்றால் கொசு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள் லோகநாயகி. புருஷன் என்ன ஆனான் என்று கேட்டதற்கு, அரிசி எடுக்க ஊருக்குள் போனவர் வரவில்லை என்றாள். ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. காட்டில் காய்ச்சல் வந்தது. பாலை மரத்தடியில் புதைத்தார்கள். நவம்பரில் படகு ஏறினாள். எல்லாவற்றையும் ஒரே குரலில், யாரோ கேட்டதற்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

கேஸ் ஷீட்டில் 'இதற்கு முன் வசித்த இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் திருவேற்காடு, நசரத்பேட்டை என்று ஒரு வார்த்தையோடு முடிந்துபோகும் கட்டம். லோகநாயகி அதில் நுணுக்கமாக எழுதினாள். முல்லைத்தீவு மாவட்டக் காட்டில் ஐந்து மாதம், நிலத்தில் தோண்டிய பதுங்கு குழியில், 1990 ஜூன் முதல் அக்டோபர் வரை. புற்றையும் பூச்சியையும்கூட விடவில்லை. குழந்தையைப் பற்றி எழுதுவதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. டாக்டர் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல ஹிஸ்டரி டாக்டர்களே எடுப்பதில்லை என்றார். நகல் அன்று மாலையே போனது.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்று மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்திருந்தது. செங்கல் சூளையிலிருந்து அது ஒரே ரோடு, பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு முகாமில் தினமும் இரண்டு வேளை தலை எண்ணினார்கள். அகதிகள் சம்பந்தப்பட்ட எந்தத் தாளும் போலீஸின் கண்ணில் படாமல் நகராது. இது லோகநாயகிக்குத் தெரியாதது அல்ல. பேப்பரில் படித்திருந்தாள், பஸ்ஸில் பேசக் கேட்டிருந்தாள். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. பிற்பாடு அவள் அதைப் பற்றி எத்தனை முறை யோசித்தாலும் பதில் அதுதான். நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் யோகேஸ்வரி மட்டும் வந்தாள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்திருந்தாள். லேப் வாசலில் நின்றபடியே சொன்னாள். முந்தின நாள் ஜீப் வந்தது. ஐந்து மாதம் பதுங்கு குழியில் இருந்தவள் யார் என்று கேட்டார்கள். ஊரே இருந்தது என்று சொன்னதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டில் இருப்பது ஆயுதம் தூக்கிய பெடியன்கள்தானே, நீ அவர்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்டு, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது.

யோகேஸ்வரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு இருபத்தெட்டு ஸ்லைடுகள் இருந்தன. லோகநாயகி ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணி எழுதினாள். எதிலும் தப்பு இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கையெல்லாம் மரத்தாற்போல இருந்தது. எண்ணெய் பாட்டிலை மூடினோமா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் உத்தமனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதினதுல பொய் ஏதாவது உண்டா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

ஆறுதலாகத்தான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, நாம் இருப்பது பாதுகாப்புத் துறைக் குவார்ட்டர்ஸ், இதில் ரொம்பத் தலையிடாதே என்றும் சொன்னார். அவள் ரசம் ஊற்றினாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பாட்னாவிலிருந்து மருந்து வந்தது. வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் பாட்டில்கள். தினமும் ஓர் ஊசி, இருபது நாள். ஆனால் தவமலர் இருந்தது காவல் முகாமில். நெடுஞ்சாலையோரம் ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, சந்தேகப்பட்டவர்களை அதில் வைத்திருந்தார்கள். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். கடைசியில் கதவைத் திறந்தது பயம்தான். தவமலருக்குக் குஷ்டம் என்று எப்படியோ தெரிந்துகொண்ட கான்ஸ்டபிள்கள் அந்த அறை வாசலில் டூட்டி பார்க்க மறுத்தார்கள். இன்ஸ்பெக்டர் டாக்டருக்குப் போன் செய்தார். இது குஷ்டம் இல்லை, ஆனால் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் பத்மா அந்த வாசலுக்கு வரமாட்டேன் என்றாள், பத்மாவின் புருஷனும் வந்து சொல்லிவிட்டுப் போனார். லோகநாயகி, நான் போகிறேன் என்றாள். உத்தமனிடம் அன்று ராத்திரி சொன்னாள், அனுமதி கேட்கவில்லை.

தினமும் வேலை முடிந்து நாலரை மணிக்கு அங்கே போவாள். பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், சிரிஞ்சை எண்ணுவார்கள், ஒரு பெண் கான்ஸ்டபிள் கூட வருவாள். தவமலர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மருந்து அதிகம், அதனால் பாதியை ஒரு பக்க இடுப்பிலும் பாதியை மறுபக்கமும் போட வேண்டும். தசைக்குள் இறங்கும்போது கடுமையாக வலிக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். லோகநாயகி ஒவ்வொரு நாளும் வலிக்குதா என்று கேட்டாள். தவமலர் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை. ஊசியை எடுத்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு அப்படியே படுத்திருப்பாள். லோகநாயகி கன்னத்துப் புண்ணை அளந்து குறித்துக்கொள்வாள். ஏழாம் நாள் ஓரத்து மேடு தணிந்திருந்தது. ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்தது.

பதினோராம் நாள் பெண் கான்ஸ்டபிள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாள். தவமலர் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தத் தாளை நீங்களோ அக்கா எழுதினது?"

"ஆமா. நான்தான்."

"வடிவான எழுத்தெண்டு அந்த ஆள் சொன்னவர். வாசிச்சுப்போட்டு, ஒவ்வொண்டா என்னட்டைக் கேட்டவர்."

லோகநாயகி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதேல்லை. அதை மட்டும்தான் அவர் கேக்கேல்லை."

கான்ஸ்டபிள் திரும்பி வந்துவிட்டாள். லோகநாயகி பையைக் கட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்குப் போகாமல், கட்டடத்தின் முன்னறையில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள். தானாக ஒரு போலீஸ் அதிகாரியிடம் போய்ப் பேசியது அவள் வாழ்க்கையில் அதுவரை இல்லை. அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை, என்ன எழுதிக் கொடுத்தால் விடுவீர்கள் என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. ஃபைலைப் பார்த்துக்கொண்டே, இந்த வியாதி காட்டில் ஆயுதத்தோடு திரிகிறவனுக்கு மட்டும் வருவதா, சாதாரணச் சனத்துக்கும் வருவதா, அதை டாக்டர் எழுதட்டும், பார்க்கிறேன் என்றார்.

டாக்டர் பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே ஒரு கேஸை வைத்துக்கொண்டு எதையும் எழுத முடியாது, நாளைக்கு யாராவது கேட்டால் அவளையே மாட்டிவிட்டதாக ஆகும், இன்னும் மூன்று பேராவது வேண்டும் என்றார். அதே ஊர்க்காரர்கள், குடும்பஸ்தர்கள், வயசானவர்கள். அப்படி இருந்தால் இன்றைக்கே எழுதித் தருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி துலுக்கானத்தைக் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனாள். கொட்டகை கொட்டகையாகப் போய், ஆறாத புண் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவருக்கும் இல்லை என்றார்கள். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் அவளைப் பார்த்ததும் காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டார். நாலாவது கொட்டகையில் தார்பாயை உள்ளேயிருந்து இழுத்துக் கட்டினார்கள். துலுக்கானம் பீடியை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"யக்கா, உன்னக் கண்டா இந்த ஜனம் பயந்துகினு கீது. நீ எழுதிக்கினு போனா பின்னாலயே ஜீப்பு வருதுன்னு பேசிக்கிறாங்கோ. வா, போலாம்."

அவள் யாரையும் வற்புறுத்தவில்லை. அந்தப் பெரியவரின் துண்டை விலக்கிப் பார்க்கச் சொல்லி டாக்டர் மூலம் உத்தரவு வாங்க முடியும். அதை யோசித்தாள், விட்டுவிட்டாள். யோகேஸ்வரியின் பக்கம் போகாமலே திரும்பினாள்.

புதன்கிழமை யோகேஸ்வரி லேபுக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். தங்கையின் கன்னத்தில் இருந்ததைப் போலவே தடித்த ஓரம், நடுவில் பொருக்கு. ஆறு மாதமாக வைத்திருக்கிறாள். குஷ்டம் என்று பிள்ளைகளோடு தன்னையும் ஒதுக்கிவிடுவார்களே என்று முதலில் மறைத்தாள், பிறகு போலீஸுக்குப் பயந்து மறைத்தாள்.

"இதைச் சுரண்டுங்கோ. நானும் காட்டுக்குள்ள இருந்தனான் எண்டு எழுதுங்கோ."

"எழுதினா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"தெரியும். பிள்ளையளைப் பக்கத்து வீட்டில சொல்லி விட்டிட்டுத்தான் வந்தனான்."

லோகநாயகி ஸ்மியர் எடுத்தாள். ஊதாச் சாயம் ஏற்றினாள். அதே உருண்டைகள். பேனாவை எடுத்தபோது முதல் வரி எழுதக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு யோகேஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினாள். அவர்கள் ஊரில் நாற்பத்து மூன்று வீடு. பள்ளிக்கூட வாத்தியார், அவர் மனைவி, ஓய்வுபெற்ற தபால்காரர், கோயில் ஐயர் குடும்பம், பிள்ளைத்தாய்ச்சி இரண்டு பேர், இவர்கள் எல்லோரும் அதே காட்டில், அதே ஐந்து மாதம். கட்டம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினாள். அடுத்த நாள் காலை யோகேஸ்வரி இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களில் ஒருவர் காதில் துண்டு சுற்றியிருந்த அந்தப் பெரியவர். அவர்தான் தபால்காரர். துண்டை எடுத்தபோது காதின் விளிம்பு பாதி அரித்துப்போயிருந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு இருந்தது.

டாக்டர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம், டைப் அடித்து, முத்திரை வைத்து. நகலை லோகநாயகியே நேரில் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். யோகேஸ்வரியை ஒரு நாள் அழைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். தபால்காரரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். தவமலருக்கு இருபது ஊசியும் முடிந்தது. புண் மூடி, நடுவில் குழிந்த வெளிர் வடுவாக நின்றது. ஊசி முடிந்ததால் லோகநாயகியை உள்ளே விடுவதும் நின்றது. அக்டோபர் போனது, மழை வந்தது, செங்கல் சூளைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. தீபாவளி, பொங்கல் எல்லாம் வந்துபோயின. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஃபைலைப் படிக்க வேண்டும் என்றார்.

தொண்ணூற்று இரண்டு பிப்ரவரியில் தவமலரை விட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. டாக்டரின் இரண்டு பக்கத்தை யாராவது படித்தார்களா என்பதும் தெரியவில்லை. அதே மாதம் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பும் பட்டியல் முகாமில் ஒட்டப்பட்டது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று சொன்னார்கள். காவல் முகாமிலிருந்து வந்தவர்களுக்கு விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தங்கையைத் தனியாக விடமாட்டேன் என்று யோகேஸ்வரியும் பிள்ளைகளோடு கையெழுத்துப் போட்டாள்.

யோகேஸ்வரிக்கான மருந்து தாமதமாக வந்ததால் அவளுக்குப் பன்னிரண்டு ஊசிதான் ஆகியிருந்தது. புறப்படும் நாள் காலையில் லோகநாயகி பதின்மூன்றாவதைப் போட செங்கல் சூளைக்கே போனாள். பஸ்கள் வரிசையாக நின்றன. மூட்டைகளுக்கு நடுவில், ஒரு தார்பாய் மறைப்பில் ஊசி போட்டாள். மிச்சமிருந்த இரண்டு பாட்டில்களையும், அங்கே எந்த டாக்டரிடம் காட்டினாலும் புரிகிற மாதிரி டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தையும் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தவமலர் பஸ்ஸில் ஏற்கெனவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். லோகநாயகி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

தவமலர் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "நீங்கள் கேட்டனீங்கள், நான் சொன்னனான்" என்றாள். பஸ் கிளம்பியது.

தொண்ணூற்று மூன்று கடைசியில் மருத்துவப் பிரிவு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. யோகேஸ்வரி எழுதியிருந்தாள். திருகோணமலைப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள். ஊருக்குப் போகவிடவில்லை. அங்கே ஒரு நர்ஸ் மீதி ஊசிகளைப் போட்டுவிட்டாள், கால் ஆறிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தவமலர் தையல் வேலை செய்கிறாள், அதிகம் கதைக்க மாட்டாள். முகத்து வடுவைப் பார்க்கிற ஆட்கள் ஷெல் பட்டதோ என்று கேட்கிறார்களாம், அவள் ஓம், பட்டதுதான் என்று சொல்லிவிடுகிறாளாம்.

லோகநாயகி கடிதத்தை டாக்டரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். பதில் எழுதினால் தானும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். அன்று சாயங்காலம் ஆவடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். மழை நன்றாகப் பெய்தது, துலுக்கானம் ரிடையர் ஆகிவிட்டார் என்று சொல்லி, பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டாள். தவமலரைப் பற்றி ஒரு வரி எழுத நினைத்து, பருத்திப்பட்டு நிறுத்தம் வரைக்கும் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு மடித்து உறையில் போட்டாள். மறுநாள் தபால் நிலையத்தில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி அனுப்பினாள்.

அதற்குப் பதில் வரவில்லை. தொண்ணூற்று ஐந்தில் அங்கே மறுபடி சண்டை தொடங்கியது.